வாய் வழியே போனால் சாப்பாடு

என் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். திட்டு வாங்காமல் கற்றுக்கொண்டவர் ஒருவரும் இல்லை. பேங்க் மேனேஜரோ கல்லூரிப் பேராசிரியையோ, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, பவுடர் பூசிக்கவா?" என்பாள். "பிரேக்கை மிதிக்கணும் சார், தடவிக் கொடுக்கக் கூடாது" என்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனவர்கள் மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்து நிற்பார்கள். அவளிடம் படித்தால் டெஸ்ட் தேறிவிடும், அதுதான் காரணம்.

அதே டிரைவிங் ஸ்கூலின் வண்டிகளுக்கு நான்தான் மெக்கானிக். பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அவற்றை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. அக்கா முதலில் அங்கே போன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் பயிற்சியாளர் முதலாளியோடு சண்டை போட்டு, கற்றுக்கொள்ள வந்த ஆளை வண்டியோடு நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா ஆட்டோ பிடித்துப் போய், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ம், எடுங்க" என்றாள். அன்றிலிருந்து அந்த சீட் அவளுடையது.

அப்போதெல்லாம் அவளுடைய ஏளனம் ஒரு விளையாட்டு. அது முழுநேர வேலையாக மாறியது மகள் பிறந்த பிறகு.

மகளை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். பிறந்த சில நாளில் ஆஸ்பத்திரியில் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு அட்டையில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு போன் வந்தது, உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று. குழந்தைகள் டாக்டர் அம்மா உட்காரவைத்துச் சொன்னார். சாப்பாட்டில் இருக்கிற புரதத்தில் ஒரு குறிப்பிட்ட சத்தை இவளுடைய உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் தேங்கித் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறவியிலேயே வருவது, யார் செய்த தப்பும் இல்லை. பால், முட்டை, இறைச்சி, பருப்பு எதுவும் கூடாது. சோறும் ரொட்டியும்கூட எடைபோட்டுத்தான். மீதி சத்துக்கெல்லாம் ஒரு விசேஷப் பவுடர் இருக்கிறது, அதைத் தினமும் கலக்கிக் குடிக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. குடித்தால் மற்ற பிள்ளைகள் போலவே வளர்வாள், படிப்பாள். குடிக்காவிட்டால் மாட்டாள்.

அந்தப் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் உருளைக்கிழங்கு அழுகினால் என்ன வாசனை வரும்? அதுதான். அக்கா அதைக் கலக்கும்போது நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். சிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அத்தானின் பெரியம்மா, "ஒரு வாய் பால் குடிச்சா குடியா முழுகிடும்? நாங்கல்லாம் குடிச்சு வளரலையா?" என்றார்.

"வளர்ந்தீங்க பெரியம்மா. அதான் பார்த்துக்கிட்டே இருக்கேனே" என்றாள் அக்கா.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒரு பேப்பர் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல அந்த நாளில் வேறெதுவும் இருந்ததில்லை. யார் குரலை உயர்த்தினாலும், "விடும்மா, எதுக்கு வம்பு" என்பார்.

சிட்டுவுக்கு ஐந்து வயதாகும்வரை ஒரு தர்ம ஸ்தாபனத்தின் தயவில் ஆஸ்பத்திரியிலேயே டப்பா கொடுத்தார்கள். பிறகு அந்த ஸ்தாபனத்துக்கு வேறு ஏதோ வியாதி மேல் இரக்கம் வந்துவிட்டது. டப்பா நின்றது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பவுடர், ஒரு டப்பா விலைக்கு எங்கள் வண்டிக்கு நல்ல டயராகவே போட்டுவிடலாம். அந்த டப்பா ஒரு வாரம்கூட வராது. அத்தானின் கம்பெனி எல்லா ஊழியர்களுக்கும் குடும்பத்தோடு சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருந்தது. அதற்கு எழுதிப்போடலாம் என்று டாக்டர் அம்மாவே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அக்கா முதலில் போன் செய்தாள். கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சர்ஜரி என்னிக்கு மேடம்?"

"சர்ஜரி எல்லாம் இல்லம்மா. பவுடர்."

"பேஷண்ட் அட்மிட் ஆகியிருக்காங்களா?"

"அட்மிட் ஆகாம இருக்கத்தாம்மா இந்தப் பவுடரே."

"அப்படியா மேடம். அப்ப அட்மிட் ஆனதும் கூப்பிடுங்க."

அக்கா போனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "இவளுக்கு யாருடா வேலை குடுத்தது? அவன் என்கிட்டத்தான் லைசென்ஸ் வாங்கியிருப்பான்னு நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

எழுதிப்போட்டாள். பதில் வந்தது. கோரப்பட்ட பொருள் உணவு வகையைச் சார்ந்தது, உணவுச் செலவு பாலிசியில் அடங்காது, நல்ல ஆரோக்கியத்துக்கு வாழ்த்துகள். கீழே மருத்துவ ஆலோசகர் என்று போட்டு, புழு நெளிந்தது போல ஒரு கையெழுத்து. அக்கா விடவில்லை. 'இதைச் சாப்பாடு என்று சொல்கிற ஐயா, தம் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்து, அவர் மறுபடியும் வருகிறாரா என்று பார்க்கட்டும்' என்று எழுதினாள். அதற்கும் அதே பதில், அதே வாழ்த்து, அதே புழு.

டப்பா வாங்க அக்கா காலை வகுப்போடு மாலை வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் எடுக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு மாலை வகுப்புக்குத்தான் அந்த ஆள் வந்து சேர்ந்தார்.

ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி கலையாத சட்டை, பளபளவென்று ஷூ, கையில் சின்னதாக ஒரு சானிடைசர் பாட்டில். ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு வினோத வியாதி இருந்தது. கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுக்கவே மாட்டார். பாதி மிதித்தபடியே இருப்பார், வண்டி போகலாமா வேண்டாமா என்று முனகிக்கொண்டே ஊரும். 'முழுசா விடுங்க சார்' என்றால், 'விட்டா போயிடுமே மேடம்' என்பார். ஒரு வாரத்தில் அக்கா அவருக்கு ஹாஃப் கிளட்ச் என்று பேர் வைத்துவிட்டாள்.

கிளட்ச் தட்டு கருகுகிற வாசனை வருகிறதென்று அக்கா என்னிடம் சொல்ல, ஒருநாள் நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தம் கேட்கப் போனேன். அன்று ஹாஃப் கிளட்சுக்கு உற்சாகம் பொங்கியது.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்று நான்தான் கேட்டுவைத்தேன்.

"டாக்டர். ஆனா கிளினிக் எல்லாம் வெச்சுக்கலை. முன்னாடி வெச்சிருந்தேன். வாந்தி எடுப்பாங்க, அழுவாங்க, ராத்திரி போன் பண்ணுவாங்க. இப்ப இன்சூரன்ஸ் கம்பெனியில மெடிக்கல் அட்வைசர். ஏசி ரூம். பேஷண்ட்டே இல்லாத டாக்டர் வேலை தம்பி. சொர்க்கம்."

"இடது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க" என்றாள் அக்கா.

"ஜனங்க என்னென்னத்துக்கெல்லாம் பில் அனுப்பறாங்க தெரியுமா மேடம்? ஒரு அம்மா குழந்தைக்குக் குடுக்கற பவுடருக்குப் பில் போட்டிருக்கு. முடியாதுன்னு எழுதினா, உங்க வீட்டு விருந்தாளிக்குக் கலக்கிக் குடுங்கன்னு பதில் போடறா. ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ஒரே சிரிப்பு."

 ஒரே எட்டில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். சும்மா இரு என்று அந்தக் கண் சொன்னது.

"ரெண்டாவது கியர்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "எதிர்ல சைக்கிள் வருது, பாருங்க."

அவர் இறங்கிப் போனதும் நான் கத்தினேன். அந்தாளை இனி வண்டியில் ஏற்றாதே என்றேன். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஏண்டா ஏத்தக் கூடாது? இத்தனை நாளா போஸ்ட் பாக்ஸ் கூடப் பேசிக்கிட்டிருந்தேன். இப்பத்தானே அதுக்கு வாய் வந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கு."

அடுத்த புதன்கிழமை. சிட்டுவுக்கு இருக்கிற வியாதி உள்ளவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் நாள் அது. சிட்டுவை அத்தான் முன்னாலேயே பஸ்ஸில் கூட்டிப்போயிருந்தார். அக்கா அன்று மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றி, ஹாஃப் கிளட்சை வழக்கமான மைதானத்துக்கு ஓட்டவிடாமல், "இன்னிக்கு டிராஃபிக்ல பழகலாம்" என்றாள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நேரே, வலது, சிக்னலில் இடது, மறுபடி இடது. அந்தாள் வியர்த்து வழிய, பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, சொன்ன பக்கமெல்லாம் திருப்பி, கடைசியில் ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியைக் கோணலாக நிறுத்தினார்.

"பார்க்கிங் மோசம். பரவால்ல. உள்ள வாங்க, கொஞ்சம் வேலை இருக்கு."

"நான் எதுக்கு மேடம்?"

"வெயில்ல வண்டிக்குள்ளயே உட்காரப் போறீங்களா?"

உள்ளே நீளமான ஒரு நடை. சுவர் ஓரம் நாற்காலிகள். கைக்குழந்தையோடு இருந்தவர்கள், பள்ளி யூனிஃபாரத்தில் இருந்த பிள்ளைகள், ஒரு காலேஜ் பெண். பார்த்தால் யாருக்கும் ஒரு வியாதியும் இருப்பதாகத் தெரியாது. எல்லார் பையிலும் அதே டப்பா. சிட்டு ஓடிவந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கோடியில் ஒரு நாற்காலியில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே தன் கையைத் தானே கடிக்கப் போவான், அவனுடைய அம்மா பேச்சைக்கூட நிறுத்தாமல் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைப்பார். மறுபடி கடிக்கப் போவான். மறுபடி வைப்பார்.

ஹாஃப் கிளட்ச் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு அந்த அம்மாவிடம் குனிந்து, "எப்பம்மா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார்.

"மூணு வயசுல சார். அப்பல்லாம் பிறந்ததும் ரத்தம் எடுக்கற வழக்கம் இல்ல."

"பேச்சு வந்துச்சா?"

"அம்மான்னு மட்டும் சொல்லுவான்."

அந்த ஒரு நிமிஷம் அவர் குரல் வேறாக இருந்ததை நான் மறுக்க மாட்டேன். என்றோ ஒரு காலத்தில் இந்த ஆள் நிஜமாகவே வைத்தியம் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் நம்பினேன். ஒரு நிமிஷம்தான். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவ என் பொண்ணு. அந்தப் பவுடர் இவளுக்குத்தான். விருந்தாளின்னு எழுதினேனே, அந்த அம்மா நான்தான்."

அவர் முகம் வெளுத்தது, சிவந்தது, கடைசியில் பாட்டிலைத் திறந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு மன்னிப்பு வரும் என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன்.

"இது சரியில்ல மேடம். இது... ஏமாத்தி அழைச்சுட்டு வந்தது" என்றார்.

"நீங்கதான் சார் ஓட்டிக்கிட்டு வந்தீங்க."

திரும்பிப் போகும்போதும் அவர்தான் ஓட்டினார். பாதி தூரத்தில் அவரே தொண்டையைக் கனைத்தார். குரலில் ஒரு தாராளம் வந்திருந்தது, ஓசியில் ஏதோ கொடுக்கப்போகிறவர் போல.

"மேடம், எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஒரு வழி சொல்றேன். நான் சொன்னேன்னு வெளிய சொல்லக் கூடாது. எங்க ரூல்ல குழாய் மூலமா குடுக்கற ஆகாரத்துக்குக் கவர் இருக்கு. வாய் வழியே போனா சாப்பாடு. குழாய் வழியே போனா சிகிச்சை. உங்க டாக்டர்கிட்டச் சொல்லி பாப்பாவுக்கு மூக்குல ஒரு குழாய் போட்டுக்கச் சொல்லுங்க. சின்னக் குழாய்தான். அதே பவுடருக்கு அடுத்த மாசமே பாஸ் பண்ணிடலாம்."

வண்டி குலுங்கி நின்றது. அக்கா தன் காலடி பிரேக்கை மிதித்திருந்தாள். பின்னால் ஒரு வேன்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு விலகிப்போனான்.

"நல்லா குடிக்கற குழந்தைக்கு, மூக்குல குழாய்."

"ஃபார்மாலிட்டிதான் மேடம்."

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா டாக்டர்?"

"ரெண்டு பேர்."

"அவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும்" என்றாள் அக்கா. "ஸ்டார்ட் பண்ணுங்க. நியூட்ரல்ல போட்டுட்டு."

அன்று வீட்டில் பெரிய ரகளை. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம் என்று டாக்டர் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் பாலிசி அத்தான் பெயரில். அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அவர்தான் போய்ப் பேச வேண்டும். "கம்பெனியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? விடும்மா, எதுக்கு வம்பு" என்று அவர் தன் பாட்டைத் தொடங்கினார்.

அக்கா வழக்கமாகக் கத்துவாள். அன்று கத்தவில்லை. "சரி, விட்டுடறேன். குழாயை எந்த மூக்குல போடலாம்? வலதா, இடதா? நீங்கதானே அவ அப்பா, நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அத்தான் சிட்டுவைப் பார்த்தார். அவள் தரையில் படுத்துக்கொண்டு ஒரு பூனைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள். அவர் எழுந்துபோய்ப் பேனா எடுத்துக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் ஹாஃப் கிளட்ச் தைரியமாக மறுபடியும் வகுப்புக்கு வந்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிய பணம் வீணாகக் கூடாதாம். அக்காவும் முன்பைவிட ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். "இவன் மேல எனக்கு ஆயிரம் வெறுப்பு இருக்கலாம். ரோட்டைக் கிராஸ் பண்றவன் என்ன பாவம் பண்ணான்?" என்றாள். புகார் போயிருக்கும் விஷயம் தெரிந்த நாளோடு அந்தாள் நின்றுவிட்டார்.

விசாரணை ஒரு காலை நேரத்தில். பழைய அரசுக் கட்டடம், மாடியில் ஒரு சின்ன அறை, காற்றாடி நடுங்கிக்கொண்டே சுற்றியது. குறைதீர்ப்பு அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி. கையில் கைக்குட்டை, முகத்தில் தூக்கமின்மை. இந்த அம்மா எதைக் கேட்கப்போகிறார் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. எதிர்ப்பக்கம் கம்பெனியின் வக்கீல், அவர் பக்கத்தில் ஹாஃப் கிளட்ச். எங்களைப் பார்த்ததும் அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

அத்தானைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "என் பொண்ணு..." என்றார்.  அக்கா எழப்போனாள். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "என் பொண்ணு ஸ்கூல்ல கணக்குல முதல் மார்க் வாங்கறா. பவுடரை நிறுத்தினா வாங்க மாட்டா. அவ்வளவுதாங்க. எனக்கு வேற பேசத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.  அக்கா அவரைப் பார்த்த பார்வையில், நான் பார்த்தவரை முதல் தடவையாக, கேலி இல்லை.

வக்கீல் நீட்டி முழக்கினார். உணவு என்றால் என்ன, மருந்து என்றால் என்ன, பாலிசியின் எந்தப் பக்கத்தில் எந்த வரி. அதிகாரி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"குழாய் வழியா குடுத்தா கவர் உண்டுன்னு இதுலயே இருக்கே?"

"ஆமா மேடம். அது சிகிச்சை முறை."

"இதே பவுடரா இருந்தாலுமா?"

"இதே பவுடரா இருந்தாலும்."

"இதே குழந்தைக்கு?"

வக்கீல் ஹாஃப் கிளட்சைப் பார்த்தார். "ஆமா மேடம்" என்றார் ஹாஃப் கிளட்ச்.

"அப்ப உங்களுக்குப் பவுடர் மேல ஆட்சேபணை இல்ல. குழந்தையோட வாய் மேலதான் ஆட்சேபணை."

 அறை மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

அப்போது அக்கா கேட்டாள். "மூக்குல குழாய் போட்டுக்கச் சொல்லி இந்த டாக்டர் என்கிட்டச் சொன்னாரா இல்லையா, கேளுங்க மேடம்."

"அப்படி எதுவும் நான் சொல்லவே இல்ல" என்றார் அவர். கண்ணை இமைக்கவில்லை. பொய் சொல்லும்போது மட்டும் அந்தாள் கிளட்சை முழுசாக விட்டுவிடுகிறார்.

"பின் சீட்டுல நான் இருந்தேன் மேடம்" என்று நான் எழுந்தேன். "சின்னக் குழாய்தான், ஃபார்மாலிட்டின்னு சொன்னார். வண்டி நடுரோட்ல நின்னுது."

"நான்... பொதுவா ரூலை விளக்கினேன்."

அதிகாரி அம்மா அவர் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க கடைசியா ஒரு பேஷண்ட்டைப் பார்த்தது எப்ப?" என்று கேட்டார்.  பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதத் தொடங்கிவிட்டார்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. பரம்பரை வளர்சிதைமாற்ற நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் பவுடர் சிகிச்சைதான், எந்த வழியாக உடம்புக்குள் போனாலும் சரி, பாலிசி இருக்கும்வரை கொடுக்க வேண்டும் என்று. அதோடு வாங்குகிற புரதம் குறைத்த மாவும் பிஸ்கட்டும் சாப்பாடுதான், அதற்குக் கிடையாது என்றும். மாவு விஷயத்தில் அக்கா அதிகாரி அம்மாவையும் கொஞ்சம் திட்டிக்கொண்டாள். ஆனாலும் அன்று சாயங்காலம் வகுப்புக்கு வந்த ஒரு பாவப்பட்ட ஆள் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்தபோது, "பரவால்ல, முதல் நாள்தானே" என்றாள். அந்த ஆள் பயந்துபோய் மறுநாள் வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லி முடித்திருப்பேன். கம்பெனிக்காரர்களுக்கு அவ்வளவு சுலபமாக வெட்கம் வருமா? அடுத்த வருஷம் புதுப்பித்த பாலிசியில் ஒரு புது வரி இருந்தது: விசேஷ ஆகாரங்கள், வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ வேறு எவ்வழியாகவோ கொடுக்கப்பட்டாலும், இனி யாருக்கும் அடங்காது. வாய்க்கும் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம், அவர்கள் மூக்கையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். தொண்டையில் புற்று வந்து குழாயால் குடிக்கிறவர்களுக்கும் போச்சு. உத்தரவு இருந்ததால் சிட்டுவை மட்டும் தொட முடியவில்லை. இந்த வரியை எழுதிக்கொடுத்தவர் யார் என்று டாக்டர் அம்மா மூலமாகத் தெரிய வந்தது. அதற்காக அவருக்குப் பதவி உயர்வும் பெரிய அறையும் கிடைத்ததாம். டிரைவரோடு காரும் கொடுத்தார்களாம். அந்த மட்டுக்கும் ரோட்டுக்கு நல்லது.

அந்தச் செய்தி கேட்ட நாள் அக்கா திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சமையல்கட்டில் சிட்டுவின் சோற்றை எடைபோடும் தராசைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். "ஒரு ஆளைத் தோற்கடிச்சேன்னு நினைச்சேண்டா. அவனுக்கு யோசனை சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

அத்தான்தான் பேசினார். "விடக் கூடாதும்மா" என்றார். நானும் அக்காவும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். அவர் தன் கம்பெனி ஊழியர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி, இந்த இன்சூரன்ஸே வேண்டாம், வேறு கம்பெனி பாருங்கள் என்று முதலாளியிடம் நேராகப் போய்க் கொடுத்தார். முதலாளிக்கு நோயாளிகள் மேல் ஒன்றும் கருணை பொங்கவில்லை. வேறு கம்பெனி பிரீமியம் குறைவாகக் கேட்டது. மாறினார். புதுக் கம்பெனியில் அந்த வரி இல்லை, சிட்டுவின் டப்பாவுக்கும் அங்கேயே பணம் கிடைத்தது. அந்தக் கூட்டமும் என்றைக்கு அதைக் கண்டுபிடிக்குமோ.

இதே வியாதியோடு புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்காக, பழைய கம்பெனியிலேயே மாட்டிக்கொண்ட பெற்றோர்கள் சேர்ந்து அந்த வரியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. அதாவது, தேதி நடக்கிறது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது புதிதாகச் செய்தி சொன்னால், டாக்டர் அம்மா டிரைவிங் ஸ்கூல் விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். போன வாரம்கூட ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. அக்காவுக்கு வகுப்பு இருந்தது. காரில் ஒரு ஆள் காத்திருந்தார். அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்சூரன்ஸ்ல குடுக்க முடியாதுன்னுட்டாங்க அக்கா" என்றான் அந்தப் பையன்.

"குடுக்க மாட்டாங்க. அவனுங்க முகத்துக்கு அதான் லட்சணம்" என்றாள் அக்கா. குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்தாள். "யாரைப்பா உரிச்சு வெச்சிருக்கு? உன்னை மாதிரி இல்ல, நல்லாவே இருக்கு."

அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

"முதல்ல சாப்டீங்களா ரெண்டு பேரும்? பசியோட எவன்கிட்டயும் சண்டைக்குப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என்னைக் கடைக்கு அனுப்பினாள்.